வேலி தாண்டிக் கேட்கும் பெயர்

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தால் வேலியோரம் நின்று கத்துகிற வழக்கம் இல்லை. அது மானங்கெட்ட வேலை. அடுத்து பிறக்கிற பிள்ளைக்குப் பெயர் வைத்துவிடுவோம். கத்தினால் அன்றோடு போயிற்று. பெயர் போகுமா? தண்ணீருக்கு அனுப்பும்போது ஒரு தடவை, சாப்பிடக் கூப்பிடும்போது ஒரு தடவை, ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் ஓயாமல் என்று, அந்தப் பிள்ளை கிழமாகிச் சாகும்வரை பக்கத்து வீட்டுக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்திருக்கும் ஜெபச் சபைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்கு எதுதான் பிடித்தது?

என் தோழி என்செகனாபோ அப்படிப் பெயர் வாங்கியவள். ஹொய்மா சந்தையில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் சாக்கு விரிக்கிறோம். அவள் பொடிமீன் கருவாடு விற்கிறாள், நான் வேர்க்கடலை விற்கிறேன். என் கடலையில் அவள் கருவாட்டு நாற்றம் ஏறிவிடுகிறது என்று சண்டை போட்டுப் போட்டே சிநேகிதமானோம். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவளிடம் கேட்டேன். "சொல்லிக்கோ, ஆனா என்னை நல்லவளாக் காட்டாதே, வியாபாரம் கெட்டுடும்" என்றாள்.

அவளுக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து இறந்தன. மூன்றும் பெயரிடும் நாளுக்கு முன்பே போய்விட்டன. அந்த நாளைத் தாண்டாத பிள்ளைக்கு எங்களிடம் பெயர் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு, அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் கள்ளி வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். மூன்றாவது முறை அழுதுவிட்டுப் போனவர்கள் தங்கள் முற்றத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தது இந்தப் பக்கம் கேட்டது. எதற்குச் சிரித்தார்களோ! கோழி சறுக்கி விழுந்ததற்குக்கூடச் சிரித்திருக்கலாம். ஆனால் பால் கட்டிய மார்போடு பாயில் கிடந்தவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நான்காவதாக ஒரு பெண் பிறந்து பிழைத்ததும், என்செகனாபோ என்று பெயர் வைத்தாள். 'என்னை வெறுக்கிறவர்களோடுதான் நான் சிரித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்' என்று அர்த்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா இருப்பார்களா? அந்த வருஷமே அங்கே ஒரு பையன் பிறந்தான். பகம்பாகி என்று பெயர் வைத்தார்கள். 'அப்படி என்னதான் சொல்கிறார்கள்?' என்று அர்த்தம். அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இந்தப் பக்கத்து அப்பா ஒரு நாய் வாங்கி அதற்கு 'குத்தியவனுக்குத்தான் குத்தும்' என்று பெயர் வைத்தார். அந்தப் பக்கத்து நாய்க்கு 'உன் வேலையைப் பார்' என்று பெயர். சாயங்காலம் இரண்டு முற்றத்திலிருந்தும் பிள்ளைகளையும் நாய்களையும் கூப்பிடுவதைக் கேட்டால், வேலிக்கு மேல் வாக்குவாதம் நடப்பது போலவே இருக்குமாம். இரண்டு வீடும் ஒரே குலம். வேற்று ஆட்களோடு இவ்வளவு அக்கறையாக யார் பகைத்துக்கொள்வார்கள்?

இந்தக் கசப்புக்கெல்லாம் மருந்தாகத்தான் எங்களுக்கு எம்பாகோ இருக்கிறது. சொந்தப் பெயரோடு ஆளுக்கு ஒரு செல்லப் பெயர். கைவிரல்களில் எண்ணி முடித்தால் இன்னும் ஒன்றிரண்டு பெயர் மிஞ்சும், அவ்வளவுதான் எங்கள் நாடு முழுவதற்கும். அதிலிருந்துதான் எல்லாருக்கும் ஒன்று. என்னுடையது அமோத்தி, அவளுடையது அப்வோலி. யாரைப் பார்த்தாலும் முதலில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கும்பிடு. தெரியாதவர் என்றால், "உங்க எம்பாகோ என்னங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் பேச்சே. அதைச் சொல்லாமல் ஒருவரை வெறும் பெயரில் கூப்பிட்டால், உன் மேல் எனக்கு அன்பும் இல்லை மரியாதையும் இல்லை என்று முகத்தில் துப்பின மாதிரி.

பகம்பாகி அவளை ஒரு நாளும் அப்வோலி என்று கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் கூப்பிடக் கூடாது என்று அவன் அம்மா அடித்துப் பழக்கினாள். வளர்ந்த பிறகு அவனுக்கு நாக்கு வரவில்லை. அவளும் அவனை அராலி என்று சொன்னதில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல், "என்செகனாபோ, உன் ஆடு என் சோளத்துல நிக்குது", "பகம்பாகி, உன் சோளம் என் ஆட்டுக்கு ஒத்துக்கல" என்றுதான்.

நடுவில் அவள் மசிந்திப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். பிள்ளை இல்லை. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்தான். அந்தப் புதியவளுக்கு வயிறு தெரிந்த மாதம், இவள் ஒரு சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏரிக்கரையில் இருக்கிற கைசோ துறைக்குப் போய்க் கருவாடு வாங்கி, மலைச்சரிவு ஏறி வந்து விற்க ஆரம்பித்தாள். தம்பி தலைநகர் கம்பாலாவில் இருக்கிறான். அவன் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறந்து ஆஸ்பத்திரியிலேயே பெயர் வாங்கி வந்தவர்கள். அத்தையைக் கூப்பிடவில்லை. எங்களிடம் பெயரிடும் நாளில் அப்பனின் சகோதரிதான் பாயில் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வாங்க வேண்டும். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து யார் சாடை என்று சொல்ல வேண்டும், எம்பாகோ கொடுக்க வேண்டும். அத்தை மடியில் படாத பிள்ளைக்கு எம்பாகோ இல்லை. என்செகனாபோவின் மடியில் அந்த உரிமையோடு ஒரு பிள்ளையையும் யாரும் வைத்ததில்லை. அவள் அதைச் சொன்னதும் இல்லை. சந்தையில் யார் குழந்தையையாவது தூக்கினால் திருப்பிக் கொடுக்க நேரமாகும். அது எனக்குத் தெரியும்.

பகம்பாகியின் மகன் பியெஞ்சா. அவன் மனைவி கெமிகிசா. நல்ல பெண், கொஞ்சம் வாயில்லாதவள். அவளுக்கு முதல் பிள்ளை பெயரிடும் நாளுக்கு முன்பு இறந்தது. இரண்டாவதும் அப்படியே. அந்த இரண்டாவது துக்கத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். என்செகனாபோ ஒரு கட்டு விறகு தூக்கி வந்தாள். உள்ளே கெமிகிசா செத்த பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது வாசலிலிருந்து பகம்பாகி, விறகை எங்கே இறக்குவது என்று காட்டுவதற்காக, பழக்கதோஷத்தில் தொண்டை கிழியக் கூப்பிட்டான்:

"என்செகனாபோ!"

துக்க வீட்டில் யாரையும் வெறும் பெயரில் கூப்பிட மாட்டோம். அதுவும் இந்தப் பெயரையா! 'வெறுக்கிறவர்களோடு நான் சிரிக்கிறேன்' என்பது அந்த வீட்டுக் கூரையில் மோதி, பிள்ளையைப் பிடித்திருந்தவள் காதில் விழுந்தது. கெமிகிசா தலையைத் தூக்கி, வாசலில் விறகோடு நின்ற என்செகனாபோவின் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கிறாளா என்று பார்த்தாள். என்செகனாபோ விறகை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கருவாட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து கெமிகிசா இவளிடம் கருவாடு வாங்கவில்லை. கிணற்றடியில் பார்த்தால் குடத்தை நிரப்பாமலே திரும்புவாள். சாலையோரம் தகரக் கூரை போட்ட சபை ஒன்று புதிதாக வந்திருந்தது. அங்கே போக ஆரம்பித்தாள். அந்தப் போதகர், "சாபப் பேரு ஒண்ணு உன் வேலியோரமே தினமும் கூப்பிடப்படுது, புள்ள எப்படித் தங்கும்?" என்று கேட்டாராம். அவர் மட்டும் என் கடைக்கு வந்திருந்தால் கடலையைத் தலையில் கொட்டியிருப்பேன்.

மூன்றாவது பிள்ளை பெண். அது தங்கியது. உதைத்தது, கத்தியது, கன்னம் உப்பியது. வேலிக்கு இந்தப் பக்கம் அதன் அழுகை கேட்டால் என்செகனாபோ கருவாடு புடைப்பதை நிறுத்திவிடுவாள். அழுகை ஓயும்வரை முறம் அசையாது. பெயரிடும் நாள் நெருங்க நெருங்க ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. இரண்டைப் பறிகொடுத்தவள் மூன்றாவதுக்கு என்ன பெயர் வைப்பாள்? 'சதி செய்தார்கள்' என்று ஒரு பெயர் உண்டு. 'கண்ணாலேயே தின்றார்கள்' என்று உண்டு. அப்படி ஒன்று வைத்தால் அது இன்னும் அறுபது வருஷம் இந்த வேலி மேல்தான் வந்து விழும்.

இன்னொன்றும் இருந்தது. பகம்பாகிக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. அவனுக்குக் கூடப்பிறந்த பெண்களும் உயிரோடு இல்லை. அப்பனின் சகோதரி இல்லாவிட்டால் அப்பனின் அத்தை உட்காரலாம்; குலத்தில் அந்த முறையில் கிட்டத்தில் இருக்கிறவள் என்செகனாபோ ஒருத்திதான்.

பியெஞ்சா ஒரு மத்தியானம் வந்தான். நான் அவளோடு மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். வந்தவன் உட்காரவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"அப்வோலி அத்தை, நாளன்னைக்கு புள்ளைக்குப் பேரு வைக்கிறோம். மடி உங்களோடது."

அவள் கையிலிருந்த கருவாடு கீழே விழுந்தது. "உன் பொண்டாட்டி சொன்னாளா?"

"சொன்னா. ஆனா ஒண்ணு கேக்குறா." அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அந்தப் பேரை நீங்க விட்டுடணும். சபையில தண்ணி ஊத்தி வேற பேரு தருவாங்களாம். கிரேஸ்னு ஏதோ. முடியலன்னா அன்னைக்கு எல்லார் முன்னாலயும், இனிமே இந்தப் பேரு எனக்கு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்பதான் புள்ளையத் தருவா."

"இல்லன்னா?"

"இல்லன்னா அவ புள்ளையத் தூக்கிட்டு சபைக்குப் போயிடுவா. அங்கேயே பேரு வச்சிக்குவாங்க. எம்பாகோ கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் என்ன செய்யட்டும் அத்தை? ரெண்டைப் புதைச்சவ. அவகிட்ட எனக்குச் சத்தம் போட வரல."

அவன் போனதும் நான் வாயை அடக்கவில்லை. "எல்லாரும் உன்னை அப்வோலின்னுதானே கூப்பிடுறோம்? அந்தப் பேரை வேலிக்காரன் ஒருத்தன்தான் சொல்றான். விட்டுத் தொலையேன். ஒரு வார்த்தை. உன் மடியில ஒரு புள்ள வரும்."

"ஒரு வார்த்தைதான்" என்றாள்.

"பின்ன?"

"அமோத்தி, எங்கம்மா அந்த மூணு பேரைப் பத்தி என்கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல. ஆனா என்னைக் கூப்பிடும்போது மட்டும் முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிடுவா. வேலிக்காரங்களுக்குக் கேக்கணும்னு கூப்பிடுறான்னு ஊரு சொல்லும். எனக்கு அப்படித் தோணல. கூப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் அப்படியே நிப்பா. நாலு பேரு வருவாங்கன்னு பாக்குற மாதிரி நிப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவர்களுக்காக உயிரோடு இருக்கிற பிள்ளையை விடுவாளா? அதைக் கேட்டும் விட்டேன். அவள் கருவாட்டைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். மறுநாள் சந்தைக்கும் வரவில்லை. அவள் இடத்தில் என் மூட்டையை வைத்து, வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டேன்.

பெயரிடும் நாள் காலையில் பகம்பாகியின் முற்றம் நிறைந்திருந்தது. கேழ்வரகுக் களி கூடை கூடையாக வந்தது. புகையில் வாட்டிய மாட்டிறைச்சி வாசனை சாலைவரைக்கும் போயிற்று. நடுவில் பாய் விரித்திருந்தார்கள். அத்தை உட்காரும் பாய், காலியாகக் கிடந்தது. வாசலில் ஒரு வாடகை மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டுபவன் இறங்கவில்லை. கெமிகிசா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். கொண்டுவந்த துணிப்பை அவள் காலடியில் இருந்தது. பியெஞ்சாவுக்கு அவளைப் பார்க்கவும் தைரியமில்லை, வேலிப் பக்கம் பார்க்கவும் தைரியமில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் எம்பாகோ சொல்லிக் கும்பிட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் வேலியைப் பார்த்தார்கள்.

"வருவாளா?" என்று ஒருத்தி என் காதைக் கடித்தாள்.

"வாயை மூடிட்டு களியைத் தின்னு" என்றேன்.

வந்தாள். நல்ல துணி உடுத்தியிருந்தாள். கைகளை எலுமிச்சை போட்டுத் தேய்த்திருக்கிறாள், கருவாட்டு நாற்றம் போகவேண்டுமென்று. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேராகப் போய்ப் பாயில் உட்கார்ந்து, காலை நீட்டி, மடியைச் சரிசெய்துகொண்டாள்.

பியெஞ்சாதான் மெல்லச் சொன்னான்: "அத்தை, அந்த வார்த்தை..."

கெமிகிசா இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். ஒரு கை முதுகுப் பக்கம் போய்ப் பிள்ளையின் காலைப் பிடித்திருந்தது.

என்செகனாபோ அவளைத்தான் பார்த்து, அவள் எம்பாகோவைச் சொல்லிப் பேசினாள். "அம்மா அகீகி. நீ கேட்டது நியாயம். உன் காதுல அன்னைக்கு விழுந்தது எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு நாளா யோசிச்சேன். சொல்லிடலாம்னுதான் கிளம்பினேன். வேலி தாண்டும்போது வாய் வரல." நிறுத்தினாள். "எனக்கு முன்னால எங்கம்மாவுக்கு மூணு புள்ளைங்க. பேரு இல்லாமப் போனாங்க. அவங்க இருந்தாங்கன்னு சொல்ல இந்த உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, என் பேரு. அதைக் கழட்டிப் போட்டா நான் அவங்களை இன்னொரு தடவை புதைச்ச மாதிரி. என்னால முடியாது. உன் புள்ளை நல்லா இருக்கட்டும். நான் போயிட்டு வரேன்."

கையை ஊன்றி எழுந்தாள். விரித்திருந்த மடி கலைந்தது. கெமிகிசா துணிப்பையை எடுத்துக்கொண்டாள். ஓட்டுபவன் வண்டியை உதைத்தான், அது பிடித்துக்கொண்டது.

"உக்காரு" என்றான் பகம்பாகி.

அதுவரை அவன் திண்ணென்று முக்காலியில் உட்கார்ந்திருந்தான், வீட்டுக்குப் பெரியவன். இப்போது எழுந்து, வண்டிக்காரனைப் பார்த்து, "அந்தக் கழுதையை நிறுத்து" என்றான். வண்டி நின்றது.

"அவ பேரை எடுத்துட்டா என் பேரு என்ன ஆகும்?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டான். "எங்கம்மா எனக்கு 'என்னதான் சொல்றாங்க'ன்னு பேரு வச்சா. யாரு சொன்னதுக்கு? இவ சொன்னதுக்கு. இவ இனிமே ஒண்ணும் சொல்லலன்னா, நான் யாரைப் பாத்து என்னன்னு கேட்டுட்டு இருக்கேன்? சுவத்தைப் பாத்தா? அம்பது வருஷமா இவ பேருக்குப் பதில் பேராத்தான்யா நான் ஊருக்குள்ள திரியிறேன்!"

யாரோ களுக்கென்று சிரித்து, சிரித்தது தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பகம்பாகிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மருமகள் பக்கம் திரும்பினான்.

"அகீகி, அன்னைக்குக் கத்துனவன் நான். துக்க வீட்டுல ஒரு பொம்பளையை வெறும் பேரைச் சொல்லி நாயைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டேன். எம்பாகோ சொல்லியிருந்தா உன் காதுல ஒண்ணும் விழுந்திருக்காது. நீ அவ பேரைப் பிடிச்சிட்டு இருக்க. தப்பு என் வாயில. நானும் பாத்துட்டே இருந்தேன், சொல்லல. பழி அவமேல போகட்டும்னு விட்டுட்டேன்."

அப்புறம் அவன் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாயின் முன்னால் வந்து, வழிப்போக்கன் புது ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்தால் எப்படிக் குனிவானோ அப்படிக் குனிந்து, "உங்க எம்பாகோ என்னங்க?" என்று கேட்டான்.

சொல்ல மாட்டாளோ என்று பயந்துவிட்டேன். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? உதடு இரண்டு தடவை திறந்து மூடியது.

"அப்வோலி" என்றாள். "உங்களோடது?"

"அராலி."

"சுகமா அராலி?"

"சுகந்தான் அப்வோலி. உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். ஆனால் பிள்ளை இன்னும் தாயின் முதுகில்தான் இருந்தது. இதையெல்லாம் பார்த்து மனசு இளகிவிட அவள் என்ன வேடிக்கை பார்க்க வந்தவளா? இரண்டைப் பறிகொடுத்தவள். அவள் வந்து பாயின் ஓரத்தில் நின்றாள். வாயில்லாத பெண் என்று சொன்னேனே, அந்தப் பெண் கேட்டாள்:

"உங்கம்மா அந்த மூணு பேரையும் எங்க வச்சாங்க?"

என்செகனாபோ வேலியைக் காட்டினாள். "அந்தப் பக்கம். கள்ளியோரமா. மண்ணு கொஞ்சம் மேடா இருக்கும்."

"என்னோட ரெண்டும் இந்தப் பக்கம்" என்றாள் கெமிகிசா. "கள்ளியோரமாத்தான்."

வேறொன்றும் சொல்லவில்லை. முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. நான் போய் அவிழ்த்துவிட்டேன். பிள்ளையை இரண்டு கையாலும் எடுத்து, குனிந்து, என்செகனாபோவின் மடியில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. மூச்சு விடுகிறதா என்று பார்க்கிறவள்போல அப்படியே குனிந்திருந்தாள். பிள்ளை கத்தவில்லை. எலுமிச்சை வாசம் பிடித்ததோ என்னவோ, என்செகனாபோவின் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அப்போதுதான் தாய் கையை எடுத்தாள்.

என்செகனாபோ அதன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றியைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். "நெத்தி இவங்கம்மாவோடது. காது பியெஞ்சாவோடது." கொஞ்சம் பொறுத்து, "மூக்கு அராலியோடது. பொண்ணுக்குப் போயி இந்த மூக்கா, என்ன செய்யிறது, வளர வளரச் சரியாகும்" என்றாள். முற்றமே சிரித்தது. பகம்பாகி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அத்வோக்கி" என்று எம்பாகோ கொடுத்தாள். எல்லாரும் திருப்பிச் சொன்னோம்.

இனி சொந்தப் பெயர். பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். சத்தம் அடங்கியது. பியெஞ்சா வாயைத் திறந்தான், கெமிகிசா அவனைப் பார்த்தாள், மூடிக்கொண்டான். சபையில் என்ன பெயர் எடுத்து வைத்திருந்தார்களோ, அது அவன் வாய்க்குள்ளேயே போயிற்று. எனக்கு அந்தப் பழைய பயம் திரும்ப வந்தது. சதி செய்தார்கள் என்பாளா? கண்ணால் தின்றார்கள் என்பாளா? எம்பாகோ சொல்லிக் கும்பிட்டுக்கொண்டதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதா என்ன?

"போனபானா" என்றாள் கெமிகிசா.

'எல்லாரும் பிள்ளைகள்தான்' என்று அர்த்தம். பழைய பெயர். பெண்ணாகப் பிறந்ததற்கு யாராவது முகம் சுளித்தால் வைக்கிற பெயர். என் பக்கத்தில் இருந்த கிழவிக்குப் பெரிய நிம்மதி. "ஆமாண்டியம்மா, பொண்ணுன்னா மட்டும் புள்ள இல்லையா?" என்று தலையாட்டினாள்.

"அதுக்கு வைக்கல பெரியம்மா" என்றாள் கெமிகிசா. வேலியைப் பார்த்தாள். "என்னோட ரெண்டு. இவங்கம்மாவோட மூணு. இது ஒண்ணு. எல்லாருக்கும் சேத்துத்தான் வச்சேன்."

அப்போதுதான் என்செகனாபோ அழுதாள். மசிந்தியிலிருந்து பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த நாளில் அவள் அழவில்லை. துக்க வீட்டில் அந்த முகம் அவளைப் பார்த்த நாளிலும் அழவில்லை. இப்போது பிள்ளை மேல் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். கெமிகிசா பக்கத்தில் உட்கார்ந்து, தன் துணி முனையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "கையில கருவாட்டு வாசம் போகவே இல்ல அத்தை" என்றாள். களியும் இறைச்சியும் பரிமாற ஆரம்பித்தார்கள். நான் இரண்டு பங்கு தின்றேன். வண்டிக்காரனுக்கும் கொடுத்தோம்.

பகம்பாகி திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். மறுநாளே அவள் ஆடு அவன் சோளத்தில் இறங்கியது. "என்செகனாபோ!" என்று கத்தினான். அவளும், "என்னதான் சொல்றீங்க?" என்று அவன் பெயரையே திருப்பிக் கேட்டாள். அது அவர்கள் பாடு. சந்தையிலோ துக்க வீட்டிலோ பார்த்தால் அப்வோலி, அராலி என்கிறார்கள். வேலியில் மட்டும் பழைய பெயர்தான்.

அன்று காலை நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் கெமிகிசா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் முதுகிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, வேலியைப் பார்த்து, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்:

"போனபானா!"

முதுகில் தூங்குகிற கைக்குழந்தையை யாராவது அப்படிக் கத்திக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

என்செகனாபோவின் முறம் நின்றது. அவள் கள்ளியோரத்து மண் மேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து வேலிக்குப் பக்கத்தில் போனாள்.

"இங்கதான் இருக்காங்கம்மா" என்று பதில் குரல் கொடுத்தாள். "எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

பிறகு வந்து உட்கார்ந்து, மிச்சக் கருவாட்டையும் புடைத்து முடித்தாள். நாங்கள் இருவரும் சந்தைக்குக் கிளம்பினோம்.